நோட்டன் பிரிட்ஜ் பையன்

‘அந்தோனியாரே, இந்த ஒரு பந்து மட்டும் அவன் மட்டையில படாம போகட்டும்’ என்று மனத்துக்குள் கும்பிட்டுக்கொண்டு நின்றார் அந்தோனிமுத்து. கும்பிடுகிற இடமா அது? டிக்கோயா மைதானத்தின் நட்டநடுவில், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, அம்பயராக நிற்கிறார் மனுஷன்.

தேயிலைத் தோட்டங்களுக்கான பத்து ஓவர் லீக் இந்த வருஷம்தான் தொடங்கியது. இன்றைக்கு இறுதிப் போட்டி, அதிலும் கடைசிப் பந்து. நோட்டன் பிரிட்ஜ் டீம் கப்பைத் தூக்க இரண்டு ஓட்டம் வேண்டும்.

மட்டையோடு நிற்பவன் அந்த டீமின் கேப்டன் தனுஷன். அவனைப் பார்க்கப் பார்க்க அந்தோனிமுத்துவுக்கு வயிறு எரிந்தது.

இந்த லீக்கே அவருக்கு ஆகவில்லை. கலர் கலராகச் சட்டை, நாலு அடித்தால் காதைக் கிழிக்கிற பாட்டு. முன்பெல்லாம் அந்தந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் அந்தந்தத் தோட்டத்துக்கு ஆடினார்கள். இப்போது ஹட்டன் முதலாளிமார் ஆட்களை ஏலத்தில் எடுக்கிறார்களாம். இவருடைய பக்கத்து லயத்து வீட்டுச் சுதாகரன் பிறந்து வளர்ந்ததெல்லாம் றொசல்லயில், ஆடுவது வட்டவளை டீம் சட்டையில்.

“மாட்ட ஏலம் விடுற மாதிரி மனுசன விடுறானுங்க” என்று மனைவி ஐவியிடம் எரிந்து விழுவார். ஆனாலும் அம்பயர் வேலையை விட மனசு வரவில்லை. அந்தோனிமுத்துவின் விரல் பொய் சொல்லாது என்று மலை முழுக்கப் பேச்சு. அந்தப் பேர்தான் அவருடைய சொத்து.

லீக் தொடங்கிய சில நாளில் ஐவி மெதுவாக ஆரம்பித்தாள். “ஏங்க, நம்ம ஏஞ்சலா ஒரு பையன விரும்புறாளாம். பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கிறா. நோட்டன் பிரிட்ஜாம். இந்த லீக்ல ரொம்ப நல்லா வெளையாடுறானாம்.”

நோட்டன் பிரிட்ஜ் டீமில் நல்லா ஆடுகிறவன் ஒருத்தன்தான் இருந்தான். அந்தோனிமுத்து குதித்தார். “பந்து பின்னால ஓடுறவனுக்கு நான் பொண்ணு குடுக்கணுமா?”

ஏஞ்சலா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. “அவரு கப்போட வந்தா சம்மதிப்பீங்களாப்பா?” என்று கேட்டாள்.

அன்றைக்கு நோட்டன் பிரிட்ஜ் டீம் ஆடின மெச்செல்லாம் தோற்றுப்போய்க் கடைசியில் கிடந்தது. அந்தத் தைரியத்தில் வாயை விட்டார். “கப்போட வரட்டும், கல்யாணம் கட்டிவெக்கிறேன். அந்தோனியார் மேல சத்தியம்.”

“சரிப்பா” என்று போய்விட்டாள்.

சத்தியம் பண்ணின நேரமோ என்னவோ, அதற்குப் பிறகு நோட்டன் பிரிட்ஜ் தோற்கவே இல்லை. அவர்கள் ஜெயிக்க ஜெயிக்க இவருக்குச் சோறு இறங்கவில்லை. பாவி, இறுதிப் போட்டிவரைக்கும் வந்து நிற்கிறான்.

கடைசி ஓவரைப் போடுகிறவன் டிக்கோயா டீமின் ஜூட்சன். ஓவர் தொடங்கும்போது தொப்பியைக் கழற்றி, “வெச்சுக்கங்க சார்” என்று இரண்டு கையாலும் நீட்டியிருந்தான். அதைக் கோட்டுப் பைக்குள் திணித்ததுகூட அந்தோனிமுத்துவுக்கு ஞாபகம் இல்லை. கண்ணெல்லாம் தனுஷன் மேலேயே இருந்தது.

ஜூட்சன் ஓடிவந்து போட்டான். பந்து தனுஷனின் காலில் பட்டுத் தேயிலைப் பக்கமாக உருண்டது. ஸ்டம்பை விட்டு நன்றாக விலகிப் போகிற பந்து. ‘அவுட்டா’ என்று ஜூட்சனே அரைக் குரலில்தான் கேட்டான். அதற்குள் தனுஷன் ஒரு ஓட்டம் ஓடி முடித்து, அடுத்ததற்குத் திரும்பிவிட்டான்.

அந்தோனிமுத்துவின் விரல் மேலே போனது.

டிக்கோயாக்காரர்கள் வெடி கொளுத்தினார்கள். தனுஷன் நேரே இவரிடம் வந்தான். “நீங்களா சார் இப்பிடி?” என்று மட்டும் கேட்டான்.

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கம் ஏஞ்சலா நின்றாள். சிநேகிதிகளோடு கைதட்டிக்கொண்டிருந்தாள். அப்பன் கண்ணில் மண்ணைத் தூவப் பார்க்கிறாள் கழுதை, வீட்டுக்கு வந்து அழுவாள் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் றொசல்ல வீட்டில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. தொடவே பிடிக்கவில்லை அவருக்கு.

“ஐவி, இத்தன வருசத்துல மொத தடவையா தெரிஞ்சே தப்பா வெரலத் தூக்கிட்டேன்.”

“ஏங்க அப்பிடிப் பண்ணீங்க?”

“எல்லாம் ஒம் மகளுக்காகத்தான். போன பேரு போகட்டும், புள்ள தப்பிச்சாளே.”

வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால் ஜூட்சன். டிக்கோயாச் சட்டையைக்கூட மாற்றவில்லை, மழையில் நனைந்து நின்றான். கையில் கப் பளபளத்தது.

அப்போதுதான் தொப்பி ஞாபகம் வந்தது அந்தோனிமுத்துவுக்கு. ஆணியில் தொங்கிய கோட்டிலிருந்து எடுத்து நீட்டினார். “மறந்தே போச்சு தம்பி. இந்தத் தொப்பிக்காகவா கப்பையும் தூக்கிக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்தீங்க?”

ஜூட்சன் தொப்பியை வாங்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். உள்ளேயிருந்து ஏஞ்சலா வந்தாள். பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள்.

“டிக்கோயாக்காரங்க ஏலத்துல எடுத்தாங்கப்பா, இவருக்குச் சொந்த ஊரு நோட்டன் பிரிட்ஜ்.”