பூவின் அடிப்பக்கம்

அவள் மண்டியிட்டுப் பூவைத் திருப்பினாள்.

இதழுக்கு அடியில் பச்சையாக ஐந்து புல்லிகள் இருந்தன.

மறுபடியும் எண்ணினாள். ஐந்துதான்.

லிமாசோல் ஊருக்கு வெளியே, சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே, பிப்ரவரி வெயில் சூடே இல்லாமல் கிடந்தது. சரிவு முழுக்கச் சிவப்புப் பூக்கள், நடுவில் கறுப்பு. சைப்ரஸின் குளிர்காலத்தில் இப்படிப் பூப்பவை இரண்டு உண்டு. மேலிருந்து பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். அனிமோனுக்கு அடியில் பச்சைப் புல்லி கிடையாது. ரனன்குலஸுக்கு உண்டு. குனிந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு நிமிஷ வேலை.

அவளுடைய கணவர் குனிவதில்லை. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஞானதிரவியத்துக்கு முழங்கால் மடங்காமல் போய் ஆறு வருஷம் ஆகிறது.

கைத்தடியை ஊன்றி நின்றபடியே சொன்னார்.

"என்னத்தத் தோண்டித் தோண்டிப் பாக்க, எப்சி? நின்ன எடத்துல இருந்தே சொல்லிருவேன். அனிமோன். மேல இருந்து ஒரு படம் எடு, போதும்."

எப்சிபா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

இந்த மாதிரி இடத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்வது வழக்கம். அடியிலும் ஒருதரம் பார்த்துவிடலாமா என்று, அவருக்கே தோன்றியதுபோல எடுத்துக் கொடுப்பாள். அதைத்தான் சொல்ல வந்தேன் என்பார் அவர்.

இன்று சொல்லவில்லை.

போனில் மேலிருந்து ஒன்று எடுத்து அவருக்கு அனுப்பினாள். அவர் திரும்பி நடந்த பிறகு, அடியிலிருந்தும் ஒன்று எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

மகன் இங்கே ஒரு கப்பல் அலுவலகத்தில் இருக்கிறான். குளிர் முடியும்வரை வந்து இருங்கள் என்று டிக்கெட் போட்டிருந்தான். வந்த நாளிலிருந்து தினம் ஒரு செடி. அவள் படம் எடுத்துப் பெயரைக் கண்டுபிடிப்பாள். அவர் அதை முகநூலில் ஒரு தாவரக் குழுவில் போடுவார். ஒன்பதாயிரம் பேர் இருக்கிற குழு. பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அங்கே அவருக்குக் 'கழுகுக் கண் சார்' என்று பெயர். யாராவது ஒரு செடியைத் தப்பாகச் சொல்லிவிட்டால் உரித்துத் தொங்கவிட்டுவிடுவார்.

கழுகுக்குப் போன வருஷம்தான் இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆனது.

அவளும் தாவரவியல் எம்.எஸ்ஸி.தான். களக்காட்டு மலையில், வயிற்றில் பிள்ளையோடு ஏறிய நாளில், ஈரப் பாறை ஒன்றில் சுண்டுவிரல் உயரச் செடியைப் பார்த்தாள். அதுவரை யாரும் பெயர் வைக்காத செடி. அவள் கண்டாள், அவள் வரைந்தாள், மகரந்தத்தாள்களை எண்ணி எழுதினாள். கட்டுரை அச்சாகி வந்தபோது அவருடைய பெயர் மட்டும் இருந்தது.

கேட்டாள். ஒரு வீட்டுக்கு ஒரு பேரு போதாதா என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவே இல்லை. முப்பத்தொரு வருஷமாகச் சோறு போட்டாள், முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள், இரண்டு புத்தகத்துக்குப் பெயர்ப் பட்டியல் போட்டுக் கொடுத்தாள். மன்னிக்கவில்லை.

பகல் ஒரு மணிக்கு 'அனிமோன்' குழுவில் ஏறியது. பாராட்டுகள் வழக்கம்போலக் குவிந்தன.

நாலு மணிக்குக் குழுவில் இசக்கிராஜ் வந்தார். ஒரு பெயரைத் தப்பாகச் சொன்னதற்காக ஞானதிரவியம் ஒருகாலத்தில் வகுப்பைவிட்டு வெளியே அனுப்பிய மாணவர். இப்போது கோவையில் பேராசிரியர்.

"சார், அடிப்பக்கம் பார்த்தீர்களா? இதழ் மினுங்குகிறது. ரனன்குலஸ் என்று நினைக்கிறேன்."

பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். உரித்துத் தொங்கவிடப்பட்டவர்கள் எல்லோருக்கும் அன்று மாலை நேரம் இருந்தது.

எப்சிபா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். அடிப்பக்கப் படத்தை அவள் இன்னும் போடவில்லை. அவரைப் பற்றி அவளுக்குத் தெரியும். தப்பு என்று ஒன்று வந்தால், அதைத் தலையில் கட்ட அவருக்கு ஓர் ஆள் வேண்டும். பகலில் இந்த வீட்டில் இருக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

காத்திருந்தாள். சந்தோஷமாக இருந்தது.

ஐந்து மணிக்கு அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஒம் பேரப் போட்டுட்டேன், எப்சி. நீ பாத்துச் சொன்னதுன்னு. ஒனக்கென்ன, காலேஜா இருக்கு, கேவலப்பட?"

"சரிங்க," என்றாள்.

அவர் கூடத்துக்குப் போய் நாற்காலியில் சாயும் சத்தம் கேட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

'படமெடுத்துப் பெயரைக் கண்டறிந்தவர் என் துணைவியார் எப்சிபா. நம்பிப் பதிவிட்டேன். வருந்துகிறேன்.'

ஒரு செடிக்குப் பக்கத்தில் தன் பெயரை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தார்.

அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்துச் சேமித்தாள். இனி அவர் அழித்தாலும் பரவாயில்லை.

பிறகு அடிப்பக்கப் படத்தைச் சேர்த்தாள். பச்சைப் புல்லிகள் ஐந்தும் துல்லியமாக விழுந்திருந்தன. காலை பத்து நாற்பதுக்கு எடுத்தது. அதன் கீழே எழுதினாள்.

'பேராசிரியர் சொல்வது உண்மை. அவர் பெயரில் வந்த எல்லாச் செடிகளையும் கண்டறிந்தது நான்தான். இந்த ஒன்றை மட்டும் அவரே கண்டறிந்தார்.'

ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். மாற்ற ஒன்றும் இல்லை.

அனுப்பினாள்.

கூடத்தில் அவருடைய போன் ஒலித்தது. உடனே மறுபடியும். பிறகு அது நிற்கவில்லை.

"எப்சி," என்றார் அவர்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, நிதானமாக உட்கார்ந்தாள்.