படிக்கல்லுக்கு அடியில்

மண்ணுக்குள் பல் தெரிந்தது.

சின்னப் பல். அதை ஒட்டித் தாடை. இன்னும் விழாத பால்பல் வரிசை.

தொல்லியல் குழியில் கூலிக்குத் தோண்டும் அவள் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரலால் மண்ணை ஒதுக்கினாள்.

கோட்டை இருந்த இடத்தில் இன்று ஒரு சுவர்கூடக் கிடையாது. கருவேலங்காடுதான். நாற்பது நாள் தோண்டியதில் கிடைத்தது நாலு வரிச் செங்கல்லும் கோட்டை வாசலின் படிக்கல்லும். அந்தக் கல்லுக்கு அடியில்தான் இந்தப் பல்.

வாசல் சுவர் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்ததாம். அவளுடைய தெருவிலிருந்து ஒரு சிறுமியைத் தூக்கிப்போய் உயிரோடு உள்ளே வைத்துக் கட்டினார்களாம். அதற்குப் பிறகு நின்றதாம். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கோட்டையை ஆண்டவர்கள் தாங்களே என்று சொல்லிக்கொள்ளும் பெரிய வீட்டின் காதில் விழுந்தால் அடி கிடைக்கும். அவள் அப்பனுக்குக் கிடைத்திருக்கிறது.

பெரிய வீட்டுத் துரைராசு குடையோடு குழியின் விளிம்பில் நின்றார். தினமும் வந்து, இது கொலுமண்டபம், இது அந்தப்புரம் என்று தொல்லியல் அதிகாரிக்கே பாடம் எடுப்பவர். முப்பாட்டன் பெயரில் பலகை வைக்க நாள்கூடப் பார்த்துவிட்டார்.

எட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"ஆட்டு எலும்பு. மூடு."

அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து படம் எடுத்தால்தான் அது எலும்பு. அதுவரை வெறும் மண்.

அவள் மூடவில்லை. பல்லின்மேல் கவிந்து, இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்துவிட்டாள். பயமாகத்தான் இருந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

மண்ணைத் தள்ளச் சொல்லி மற்ற வேலையாட்களை அதட்டினார். அவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். குடையை வீசிவிட்டு அவரே மண்வெட்டியை எடுத்தார். ஆயுசில் மண்வெட்டி பிடிக்காத கை. ஆனாலும் மண் விழத்தான் செய்தது.

முதுகில்.

தலையில்.

மடியில்.

ஒவ்வொரு வெட்டுக்கும் அவளையும் அவள் தாயையும் சேர்த்து வைதார். பெயர் சொல்லவில்லை. நாய்க்கும் அவளுக்கும் சேர்த்து ஒரே ஏய்தான். வாய்க்குள் போன மண்ணை அவள் துப்பினாள். கால்கள் மறைந்துவிட்டன. கையை மட்டும் எடுக்கவில்லை.

மேட்டில் நின்ற யாரோ அதிகாரியின் ஜீப் வருவதாகச் சொன்னார்கள்.

மண்வெட்டி நின்றது. துரைராசு அவசரமாகக் குனிந்து கையை நீட்டினார். குரல் குழைந்தது.

"அடைக்கி, எந்திரிச்சு வெளிய வா ஆத்தா."

அவள் பெயர் அதுதான். அவர்கள் குடும்பத்தில் தலைச்சன் பெண்ணுக்கு வேறு பெயர் வைப்பதே இல்லை. சுவருக்குள் போனவளின் பெயர் அது.

அந்தப் பெயரைச் சொல்லி, வெளியே வா என்று, அந்த வீட்டிலிருந்து ஒரு குரல் இப்போதுதான் வருகிறது.

நீட்டிய கையை அவள் பார்த்தாள்.

எழுந்திருக்கவில்லை.