வாசலில் இருப்பவர்கள்

"புளுகு, டீச்சர்! அவ ஊர்ல ஆளே கிடையாது. கோழிங்க மட்டும்தான்."

விலி சொன்னதும் வகுப்பு சிரித்தது. சியாலே நிமிரவில்லை. தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

மெலே டீச்சர் அவளுடைய பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவைத்தாள். அரசியலமைப்பு நாள் விழாவுக்கு ஊருக்கு ஒரு பலகை. அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊர் மக்களை வரைய வேண்டும். நியுவே தீவு நாட்டின் பதினான்கு ஊர்களுக்கும் சட்டசபையில் ஊருக்கொரு நாற்காலி இருப்பதுபோல, விழா மேடையில் பதினான்கு பலகைகளும் அருகருகே நிற்கும்.

விதி ஒன்றுதான். ஊரைவிட்டுப் போனவர்களை வரையக் கூடாது. நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில் இருக்கும் சித்தப்பா, பெரியம்மா எல்லாரையும் போட ஆரம்பித்தால் பலகை கொள்ளாது.

வடகோடி ஊரிலிருந்து பள்ளிக்கு வருகிறவள் சியாலே ஒருத்திதான். அவளுடைய பலகையில் இருபது பேருக்கு மேல் கைகோத்து நின்றார்கள். எல்லாருக்கும் வெள்ளை உடை.

"உங்க ஊர்ல நீயும் அப்பாவும்தான்னு சொல்றாங்களே. இவங்கள்லாம் யாரு?"

"எங்க ஊர்க்காரங்க."

"ஓடத்தோட நிக்கிறாரே, இவர்?"

"பாகே மாமா. நீல வீடு அவரோடது. எப்பவும் வாசல்லதான் இருப்பாரு. மழை பெஞ்சாக்கூட உள்ள போகமாட்டாரு."

"மறை கழண்ட ஆளா?" என்றான் விலி.

"உனக்கு அவரு தேவலை."

இந்த முறை விலியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இந்த அம்மா?"

"ஃபினே அத்தை. அவங்க வீட்டுப் பப்பாளியைத்தான் நாங்க சாப்பிடுறோம். கேக்கவே வேணாம். பறிச்சுக்கலாம்."

"கையில குழந்தையா? பேரு என்ன?"

"பேரு வைக்கல."

மெலே ஆக்லாந்திலிருந்து வேலைக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. வடகோடிப் பக்கம் போனதும் இல்லை. ஆனாலும் ஆக்லாந்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் கூட்டத்தின் பழைய போட்டோக்களைப் பார்த்திருக்கிறாள். எல்லாரும் இப்படித்தான் வெள்ளை உடுத்தி வரிசையாக நிற்பார்கள். இந்தப் பெண்ணும் அப்படியொரு போட்டோவைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும்.

"சரி, இதுல நீ எங்க?"

சியாலே தூரிகையை மறுபடி கிண்ணத்தில் விட்டாள். கிண்ணத்துத் தண்ணீர் பால்போல ஆகியிருந்தது. இன்னும் அலசினாள்.

மெலே குரலைத் தணித்துக்கொண்டாள். "பாரு கண்ணு, ஆளில்லாத ஊருன்னா தப்பு ஒண்ணும் இல்ல. விலியோட பலகையில ஒரு மூலை தரச் சொல்றேன். நீயும் அப்பாவும் அங்க நின்னுக்கலாம்."

"மூலை வேணாம்." சியாலே முதல் தடவையாக நிமிர்ந்தாள். "எங்க ஊருக்குத் தனிப் பலகை வேணும். சட்டத்துல ஊருக்கு ஒரு நாற்காலி, ஆள் எத்தனைன்னு பார்க்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா இவங்க ஆக்லாந்துல இருக்கிறவங்களா இருந்தா பலகை மேடை ஏறாது."

"ஒருத்தர்கூடப் போகல டீச்சர். சனிக்கிழமை வந்து பாருங்க. எல்லாரும் இருப்பாங்க."

சனிக்கிழமை மெலே மோட்டார் சைக்கிளில் போனாள். தென்னைகளைத் தாண்டியதும் வீடுகள் தொடங்கின. பூட்டிய கதவுகள். ஒரு வீட்டு ஜன்னல் வழியே கொடி உள்ளே போய் இன்னொரு ஜன்னல் வழியே வெளியே வந்திருந்தது. குரைக்க ஒரு நாய்கூட இல்லை.

நீல வீட்டின் முன்னால் சியாலேயின் அப்பா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெயின்ட் டப்பா. முழங்கைவரை வெள்ளை.

சியாலே ஓடிவந்தாள். "வந்துட்டீங்களா! வாங்க."

"எங்க கண்ணு எல்லாரும்?"

சியாலே அப்பாவின் அருகே குந்தினாள். வாசலில், சாலையைப் பார்த்தபடி இருந்த கல்லறை பாதிக்கு மேல் வெள்ளையாகியிருந்தது. அதன்மேல் விழுந்திருந்த இலையைத் தட்டிவிட்டாள்.

"மாமா, டீச்சர் வந்திருக்காங்க."

மெலே சாலை முழுவதும் பார்த்தாள். வாசலுக்கு வாசல் வெள்ளை. பப்பாளி மரம் நின்ற வாசலில் இரண்டு. அதில் ஒன்று மிகவும் சின்னது.

அவளும் சியாலேயின் பக்கத்தில் குந்தினாள்.

"பலகை மேடை ஏறும்," என்றாள். "தனியாவே ஏறும். ஆனா நீயும் அப்பாவும் ஏன் அதுல இல்ல? ஓரத்துல இடம் இருக்கே."

சியாலே அப்பாவைப் பார்த்தாள். அவர் பூசுவதை நிறுத்தவில்லை.

"அடுத்த மாசம் நாங்களும் ஆக்லாந்து போறோம் டீச்சர். போறவங்களைப் போடக் கூடாதுல்ல?"