நீலமாகும் பட்டை

காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்தும் பட்டை நீலமாகிவிட்டது; நாலு மாசமாக இதே கதை. குடிதண்ணீரில் சாக்கடை கலந்தால், மனித டிஎன்ஏவை வைத்து நீலமாகிக் காட்டிக்கொடுக்கும் தங்க நானோ துகள் பட்டை அது.

“நீங்கள்லாம் தொட்டா இப்படித்தாம்மா!” திண்டிவனம் கல்லூரிப் பேராசிரியர் வெங்கடாசலம் முகத்தைச் சுளித்தார். ஆய்வகக் குடிதண்ணீர்ப் பானையை ஆய்வு மாணவி அன்புச்செல்வி தொடக்கூடாது. ஜன்னலோரம் அவளுக்குத் தனி டம்ளர்.

கையுறையைப் பார்த்துக்கொண்டாள். கிழிசல் இல்லை.

“புதுசு தர்றேன், புடி.” பட்டைக் கட்டு எப்போதும் அவர் பையில்தான். பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற மாதிரி, கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒன்றை உருவினார்.

அவள் அந்த ஈரக் கட்டைவிரலையே பார்த்தாள்.

“நாலு மாசமா அது உங்க எச்சிலைத்தான் காட்டிக்கினு இருந்துச்சு சார். இந்தத் தனி டம்ளரு இனிமே உங்களுக்கு.”