கொஞ்சம் லைன்ல இருங்க

உருளைக்கிழங்கு போட்ட குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, கறார் அக்கா லைட்டரைக் கையில் எடுத்த நேரம் பார்த்து போன் அடித்தது. இத்தனை நாளாக இவள் கூப்பிட்டால் எடுக்காத திரைச்சீலைக் கம்பெனி, தானாகவே கூப்பிட்டது!

"ஏங்க, மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடுங்க" என்று கூடத்தில் செய்தித்தாளும் கையுமாக இருந்த கணவருக்கு உத்தரவு போட்டுவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள்.

தெரு முழுக்க அவளுக்குக் கறார் அக்கா என்றுதான் பெயர். ஆன்லைனில் வாங்கிய ஜோடித் திரைச்சீலை, ஒன்று நீலம் ஒன்று பச்சை என்று வந்து இறங்க, அன்றே திருப்பி அனுப்பிவிட்டாள். பணம்தான் வந்த பாடில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, நேற்று அந்த விற்பனைத் தளத்திலேயே புகார் போட்டுவிட்டாள்.

"வணக்கம் மேடம், ரிட்டர்ன் செக்‌ஷன்ல இருந்து பேசறேன்" என்றது ஒரு கீச்சுக் குரல். "பேக்கிங்ல ஒரு சின்னத் தப்பு..."

"சின்னத் தப்பா? ஒரே ஜன்னல்ல பாதி நீலம் பாதி பச்சைன்னு மாட்டினா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?" போனைப் பார்த்து லைட்டரை ஆட்டினாள்.

விசில் அடித்தது. "ஒண்ணு" என்றார் கணவர், தலையைத் தூக்காமல்.

"கொஞ்சம் லைன்ல இருங்க மேடம், அக்கவுண்ட்ஸுக்கு மாத்தறேன்."

அக்கவுண்ட்ஸுக்கு மூக்கடைத்த குரல். "சாமான் வந்துடுச்சுன்னு ரிட்டர்ன் செக்‌ஷன் எங்களுக்குச் சொல்லணும் மேடம். அவங்க எங்ககிட்ட எதையுமே சொல்றதில்ல."

"ஒரே கம்பெனிக்குள்ள ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க மாட்டீங்களா?"

அதற்குள் அடுத்த விசில். "ரெண்டு" என்றார் கணவர்.

"மேனேஜர்கிட்டயே குடுத்துடறேன் மேடம், லைன்ல இருங்க."

மேனேஜரின் கனத்த குரலைக் கேட்டதும் கறார் அக்காவே சற்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மேடம், சாயங்காலத்துக்குள்ள பணம் வந்துடும், அதுக்கு நான் பொறுப்பு. புகாரை மட்டும் எடுத்துடுங்க. அது அப்படியே நின்னா அந்தத் தளத்துல இருந்து எங்க கடையையே தூக்கிடுவாங்க. இவ்வளவு பெரிய கம்பெனி, அத்தனை பேர் பொழைப்பும் போயிடும்." கனத்த குரல் கடைசியில் கொஞ்சம் கீச்சிட்டது.

"இதை அந்த ரெண்டு பேரும் முன்னாடியே யோசிச்சிருக்கணும். அவங்களைக் கண்டிச்சீங்களா?"

"செமையா குடுத்தேன் மேடம்! இதோ, என் முன்னாடிதான் தலையைக் குனிஞ்சிட்டு நிக்கறாங்க."

மூன்றாவது விசில். கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"ஏம்மா, அடுப்பை நீ பத்தவே வைக்கலையே! குக்கர் சில்லுனு இருக்கு."

அவள் கையிலிருந்த லைட்டரைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த போனைப் பார்த்தாள். ரிட்டர்னில் ஒரு விசில், அக்கவுண்ட்ஸில் ஒரு விசில், மேனேஜரிடம் ஒரு விசில். கோபம் போன இடம் தெரியவில்லை. சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

"புகாரை எடுத்துடறேன் சார். மூணு விசில் ஆச்சு, முதல்ல போய் உங்க அடுப்பை அணைங்க!"