ஆறாவது டிக்கெட்

"அஞ்சு தடவையா? அந்த இழுவைப் படத்தையா?" சாப்பாட்டு இடைவேளையில் டைப்பிஸ்ட் சிரித்தாள். "உங்க பொறுமைக்குச் சிலையே வைக்கலாம் சார்!"

"சாயங்காலம் ஆறாவது தடவை போறேன்," என்றார் ஸ்டோர்கீப்பர். "அந்த ரயில் நிலையக் காட்சி நல்லாருக்கும்மா."

"அதுதான் சார் கழுத்தறுப்பு!" என்றார் கேஷியர். "எல்லாரும் திட்டித் தீர்த்ததால, இன்னையிலேருந்து அந்தக் காட்சியையே வெட்டிட்டாங்களாம். தப்பிச்சீங்க!"

ஸ்டோர்கீப்பர் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து வெறித்தார்.

"அந்த ரயில் நிலையக் கூட்டத்துல ஓரமா ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே ஓடுவாளே, பார்த்தீங்களா?"

"அதையெல்லாம் யார் சார் கவனிச்சா?"

"என் மக. கூட்டத்துல ஒருத்தியா நடிச்சா. படம் வர்றதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டா."

டைப்பிஸ்டின் கை சாப்பாட்டிலேயே நின்றது.

"வீட்டுல போட்டோ இருக்குதும்மா," என்றார் அவர். "அதுல அவ ஓட மாட்டா."