பன்னிரு பதிகமும் ஒரு முகூர்த்தமும்

மகளின் முகூர்த்தத்தன்று ஓதுவார் தாயுமானவருக்குத் தொண்டை கட்டிப் பேச்சே எழவில்லை. தாலி ஏறும் வேளையில் தந்தையின் குரலே ஒலிக்கவேண்டும் என்பது மணமகள் உமையாளின் ஒரே விருப்பம். ஆகவே அவர் முன்பு பாடிப் பதிந்திருந்த பன்னிரண்டு பதிகங்களில் ஒன்றைக் கணினியில் திறக்கும் பொறுப்பு தாய்மாமன் அம்பலவாணரிடம் வந்தது. அவர் அருச்சனைப் பூவைத் தொடுவதுபோல் சுட்டியைத் தொட்டு, ஒருமுறை அழுத்தி, மூச்சுவிட்டு, மறுமுறை அழுத்தினார். கோப்பு திறக்கவில்லை, தனக்கு வேறு பெயர் இடும்படி காத்துநின்றது.

"பூசையா பண்றீங்க மாமா? டக்டக்னு ரெண்டு தட்டு தட்டுங்க," என்றாள் மணையிலிருந்த உமையாள்.

"கல்யாணமே ஆகலை, அதுக்குள்ள பேரு வைக்கச் சொல்லுதும்மா."

கெட்டிமேளத்துக்குப் புரோகிதரின் கை உயர்ந்தது. பதறி அம்பலவாணர் சுட்டியை இழுக்க, பன்னிரண்டு கோப்புகளும் நீலநிறம் பூண்டன. அப்படியே எண்டரைத் தட்டினார். பன்னிரண்டு பதிகங்களையும் ஓதுவார் ஒரே நேரத்தில் பாடத் தொடங்கினார்.

"இதுல எந்தப் பாட்டுக்குக் கட்டணும் மாமா?" என்று மாப்பிள்ளை மாமனாரிடம் கேட்டான்.

ஓதுவார் ஓசையின்றிச் சிரித்து, இரு கைகளாலும் வெவ்வேறு தாளம் போடலானார். உமையாள் சிரிப்பில் குலுங்கும் கழுத்தை மெல்லக் குனிந்து காட்டினாள்.